'கார்டன்ஸ் ஆஃப் த மூன்' ஏன் ஒரு வாசகர் வட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது?

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இருக்கும் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிக்கிறீர்கள். இந்த முறை எடுத்தது ஸ்டீவன் எரிக்சனின் 'மலாஸன் புக் ஆஃப் த ஃபாலன்' என்ற ஃபேண்டசி (மாயாஜாலக் கற்பனை) வரிசையின் முதல் நாவலான 'கார்டன்ஸ் ஆஃப் த மூன்'. மூன்று பேர் நூறு பக்கத்துக்குள் மூடி வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் இப்படி ஒன்றைப் படித்ததே இல்லை என்கிறார்கள். ஒருவர் முதல் நூலை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம் என்கிறார். மீதிப் பேர் வாய் திறக்கவில்லை. யார் சொல்வது சரி, மேலே படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பகுதியின் முடிச்சுகளை அவிழ்க்காமல் பதில் சொல்கிறேன். முதல் சில அத்தியாயங்களில் நடப்பதை மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

மூடி வைத்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை உண்மை. கொண்டாடுகிறவர்கள் சொல்லும் நிறைகளும் உண்மை. சண்டை நீள்வதற்குக் காரணம், 'பிடிக்கவில்லை' என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு தனித்தனிப் புகார்கள் ஒளிந்திருப்பதுதான். ஒன்று, புரியவில்லை. மற்றொன்று, மனசு ஒட்டவில்லை. புரியாமைக்கு வழி உண்டு, கீழே எழுதுகிறேன். ஒட்டாமைக்கு யாரும் வழி சொல்ல முடியாது. புத்தகம் கட்டப்பட்ட விதமே அப்படி. புரியவில்லை என்று சொன்னவரிடம் 'உனக்குப் பொறுமை இல்லை' என்பதும், ஒட்டவில்லை என்று சொன்னவரிடம் 'மூன்றாவது நூல் வரை வா, எல்லாம் தெளிவாகும்' என்பதும் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்கள்.

புரியாமை எங்கிருந்து வருகிறது என்பதை நம் பக்கத்துப் பாரதக் கூத்தை வைத்தே சொல்லிவிடலாம். செய்யாறு, ஆரணி, வந்தவாசி பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து நடக்கும். அன்று இரவு 'கர்ண மோட்சம்' என்றால், கர்ணன் யாருக்குப் பிறந்தான், பெட்டியில் எப்படி வந்தான் என்பதையெல்லாம் பிரசங்கக்காரர் சொல்லி முடித்திருப்பார். சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். அதற்கு மேலும், வேஷம் வந்தவுடன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரையும் பெருமையையும் பாடும்; கட்டியக்காரன் 'யார், எந்த நாடு' என்று கேட்டுச் சபைக்கு எடுத்துச் சொல்வான். எரிக்சன் கூத்தை மட்டும் நடத்துகிறார். பிரசங்கமும் இல்லை, திரையும் இல்லை, கட்டியக்காரனும் இல்லை. பதினேழாம் நாள் போரின் நடுவில் வந்து உட்கார்ந்த வெளியூர்க்காரரின் நிலைதான் வாசகருடையது. அடவும் பாட்டும் ஒருவரைக் கட்டிப்போடும். பக்கத்தில் இருப்பவர் 'இவன் யார், அவனை ஏன் அடிக்கிறான்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்து எழுந்து போவார். இரண்டு பேர் பார்த்ததும் ஒரே கூத்துதான்.

இது தற்செயலான குறை என்று நினைக்க வேண்டாம். இந்த உலகத்தை எரிக்சனும் அவர் நண்பர் இயன் எஸ்ஸில்மான்ட்டும் 1982-லிருந்து ரோல்-பிளேயிங் விளையாட்டுக்காக (ஆளுக்கொரு பாத்திரமாகி கதை நடத்தும் விளையாட்டு) உருவாக்கி வந்தார்கள். கதையின் மலாஸன் சாம்ராஜ்யத்தின் வரலாறு, தெய்வங்கள், இனங்கள், போர்கள் எல்லாம் நாவலுக்கு முன்பே அவர்களிடம் இருந்தன. பிறகு 90-களின் தொடக்கத்தில் இந்தக் கதை முதலில் சினிமாத் திரைக்கதையாக எழுதப்பட்டு, அதற்கு ஆதரவு கிடைக்காமல் நாவலாக மாறியது. அச்சில் வந்தது 1999-ல். இந்த மூன்று தகவல்களும் புத்தகத்தின் உடம்பிலேயே தெரிகின்றன. காட்சி சட்டென்று வெட்டுகிறது. ஆட்கள் பேசுகிறார்கள், நடக்கிறார்கள், ஆனால் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது குறைவாகவே கிடைக்கிறது. ஒரு மந்திரவாதியின் பலம் எவ்வளவு என்பது எழுதியவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் சண்டையில் யார் ஜெயிப்பார் என்ற பதைப்பு பல இடங்களில் எழுவதே இல்லை. எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் ஓட்டாஞ்சில்லுகள் போலத்தான் தகவல்கள் வருகின்றன: எதற்கும் விளக்கச் சீட்டு கிடையாது, அடுக்கு அடுக்காக நாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, வாசகர்கள் கழன்றுகொள்ளும் இடங்கள். பெரும்பாலும் மூன்றுதான். உங்கள் வட்டத்தில் மூடி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

முதல் இடம் முதல் அத்தியாயம். முன்கதையில் கனோஸ் பாரன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் கோட்டைமதிலில் நின்று கீழே நகரம் எரிவதைப் பார்க்கிறான், போர்வீரனாக வேண்டும் என்கிறான். சரி, இவன்தான் நாயகன் என்று நாம் உட்காருகிறோம். அடுத்த பக்கத்தில் வேறு ஊர், ஒரு மீனவப் பெண், ஒரு கிழவி, இரண்டு விசித்திர மனிதர்கள், வேட்டைநாய்கள். பிறகு பாரன் திரும்பவும் வருகிறான், ஆனால் இப்போது அவன் லெப்டினன்ட். ஏழு வருடம் ஓடிவிட்டது. இதைச் சொல்வது அத்தியாயத் தலைப்புக்குக் கீழே உள்ள வருடக்குறிப்பு ஒன்றுதான். கதை உலகத்தின் ஆண்டுக்கணக்கான 'பர்ன்ஸ் ஸ்லீப்' படி முன்கதை 1154, முதல் அத்தியாயம் 1161, இரண்டாவது 1163. அலங்காரம் என்று நினைத்துப் பலரும் இந்த வரிகளைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் குழப்பம் நிச்சயம். முன்கதையில் 'சர்லி' என்ற பெயரில் வந்த பெண்தான் பின்னால் பேரரசி லசீன் என்பதும் இதே மாதிரி நழுவிப்போகும்.

இரண்டாவது இடம் இரண்டாம் அத்தியாயம். அதிகம் பேர் விழுவது இங்கேதான் என்பது என் கணிப்பு. பேல் என்ற நகரத்தை மலாஸன் படை முற்றுகையிட்டது முடிந்திருக்கிறது. அந்தப் படையின் டாட்டர்செயில் என்ற மந்திரவாதப் பெண் குன்றின்மேல் நிற்கிறாள், சுற்றிலும் சாம்பலும் பிணமும். பாதி உடம்பு போன ஹேர்லாக் என்ற மந்திரவாதியின் உயிரை ஒரு மரப்பொம்மைக்குள் மாற்றுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கதை பின்னால் போய், அந்தப் போர் எப்படி நடந்தது என்று காட்டுகிறது. விளைவு முன்னே, காரணம் பின்னே. போரின்போது மேலே மிதக்கும் மலையிலிருந்து எதிர்ப்பக்கத்து அனோமாண்டர் ரேக் தாக்குகிறான், கீழே சுரங்கம் தோண்டிய மலாஸன் படைப்பிரிவான பிரிட்ஜ்பர்னரில் பெரும்பாலோர் புதைந்து போகிறார்கள், சொந்தப் பக்கத்து மந்திரவாதிகளே சாகிறார்கள். கொன்றது எதிரியா, தங்கள் தலைமை மந்திரவாதி டெய்ஷ்ரென்னா என்று டாட்டர்செயில் சந்தேகப்படுகிறாள். அது அவளுடைய சந்தேகம் மட்டுமே. ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் புத்தகம் முழுவதும் பிடிபடும்: இங்கே ஒரு பாத்திரம் உறுதியாகச் சொல்வதெல்லாம் அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்த அளவுதான், அது தப்பாகவும் இருக்கலாம்.

மூன்றாவது இடம் ஐந்தாம் அத்தியாயம். நான்கு அத்தியாயம் கஷ்டப்பட்டுப் படைவீரர்களின் பெயர்களை மனசில் ஏற்றிக்கொண்டோம். இப்போது கதை தருஜிஸ்தான் என்ற வேறு நகரத்துக்குத் தாவுகிறது. எல்லாம் புது ஆட்கள். சலிப்பு வருவது நியாயம். ஆனால் கொண்டாடுகிறவர்களில் பலருக்குப் புத்தகம் உயிர் பெறுவதும் இங்கேதான். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவில் நீலமாக எரியும் தெருவிளக்குகள், கூரைமேல் ஓடும் இளம் திருடன் க்ரோகஸ், கொலைகாரர் சங்கம், சத்திரத்தில் உட்கார்ந்து தன்னைத்தானே 'க்ரூப்பே இப்படி நினைக்கிறான், க்ரூப்பே அப்படிச் சாப்பிடுகிறான்' என்று படர்க்கையில் பேசும் குண்டு மனிதன். பிரசங்கமும் திரையும் இல்லாத இந்தக் கூத்துக்குக் கட்டியக்காரன் என்று யாராவது உண்டென்றால் அவன்தான். என்ன, ஐந்தாம் அத்தியாயம் வரை வரவில்லை. க்ரூப்பேயின் பேச்சு சிலருக்குத் தேன், சிலருக்குத் தலைவலி. புரிசைக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து ரசிப்பவர்களுக்கு அவன் சட்டென்று பிடித்துப்போவான் என்று நம்புகிறேன்.

இனி, கொண்டாடுகிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய குறைகள். புதிய பதிப்புகளில் எரிக்சன் எழுதிய முன்னுரை ஒன்று இருக்கிறது. தன் எழுத்தை வெறுப்பவர்கள் உண்டு, விரும்புகிறவர்கள் உண்டு, நடுவில் யாரும் இல்லை என்ற கருத்தில் பேசுகிறார். இதை நான் ஏற்கவில்லை. நடுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம். இந்த நாவலின் நடை சீராக இல்லை. சில உரையாடல்களில் இருவருக்கும் தெரிந்த ரகசியத்தை வாசகரிடம் மட்டும் மறைப்பதற்காகவே வாக்கியம் பாதியில் நிற்கிறது. இது ஆழம் இல்லை, கைத்திறன் குறைவு. ஒரு காதல் இரண்டு மூன்று காட்சிக்குள் முற்றிவிடுகிறது, அதற்கு அடித்தளமே போடப்படவில்லை. கடைசியில் ஒரு மாளிகை விருந்தில் எல்லாச் சக்திகளும் ஒரே இரவில் வந்து மோதும்போது, முன்பு கேள்விப்படாத ஒன்று திடீரென்று முளைத்துச் சிக்கலைத் தீர்க்கிறது. வயது, வருடக் கணக்குகள் பின்னால் வரும் நூல்களோடு சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. தொடரை நேசிக்கிறவர்களே இந்த முரண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே அவற்றைச் சுட்டிக்காட்டுகிறவர் மேலோட்டமாகப் படித்தார் என்று சொல்வது அநியாயம்.

கொண்டாடத் தக்கது எது? எனக்கு முதலில் தோன்றுவது படைவீரர்கள். விஸ்கிஜாக் தலைமையிலான பிரிட்ஜ்பர்னர் அணி தருஜிஸ்தான் நகரத்துக்குள் மாறுவேடத்தில் புகுந்து, தெரு மராமத்துக் கூலிகளைப் போல நாற்சந்திகளைத் தோண்டி வெடி புதைக்கும் பகுதியைப் படியுங்கள். தோண்டும்போது அவர்கள் பேசும் பேச்சில் பயம், அலுப்பு, கிண்டல், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசம் எல்லாம் ஒரு விளக்க வரிகூட இல்லாமல் வந்துவிடுகிறது. அரசனும் இளவரசனும் மட்டுமே வாழும் கற்பனைக் கதைகளுக்கு நடுவில், உத்தரவு ஏன் வந்தது என்றே தெரியாமல் சாகும் சாதாரணச் சிப்பாயை நடுவில் வைத்தது பெரிய காரியம். இரண்டாவது, நல்லவன் கெட்டவன் பிரிவினை இல்லாதது. படையெடுத்து வரும் பக்கத்தில் நமக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், காத்து நிற்கும் பக்கத்திலும் இருக்கிறார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியாமல் தவிப்பதே ஒரு சுகம். இது எல்லோருக்கும் சுகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவனைப் பிடித்துக்கொண்டு அவன் கூடவே நடக்க விரும்பும் வாசகருக்கு இங்கே கை கிடைக்காது. காட்சிக்குக் காட்சி கண் மாறிக்கொண்டே இருக்கும். 'ஒட்டவில்லை' என்ற புகாரின் வேர் இதுதான்.

புரியவில்லை என்றவர்கள் மறுபடி முயல விரும்பினால், செய்ய வேண்டியது இது.

ஒரு முழுத்தாளை நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தி, களத்தில் இருக்கும் மலாஸன் படை: பாரன், டூஜெக், விஸ்கிஜாக், குவிக் பென், கலாம், ஃபிட்லர், சாரி, டாட்டர்செயில். இரண்டாவது, பேரரசியின் நேரடி ஆட்கள்: லசீன், அவள் கையாள் லோர்ன், டெய்ஷ்ரென். மூன்றாவது, தருஜிஸ்தான்காரர்கள்: க்ரூப்பே, க்ரோகஸ், ராலிக் நோம், முரில்லியோ, கோல், ரசவாதி பரூக். நான்காவது, மனிதர் அல்லாதவர்களும் தெய்வங்களும்: ரேக், ஷேடோத்ரோன், கொட்டிலியன், டூல், இரட்டைத் தெய்வமான ஓபோன். ஆக 22 பெயர். முதல் வாசிப்புக்கு இவ்வளவு போதும். மற்ற யார் வந்தாலும் போனாலும் கவலைப்பட வேண்டாம். பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். நடுவில் மேற்கோள்குறி தொங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண் தாண்டிவிடும், தமிழில் எழுதும்போது ஒருமுறை வாயால் சொல்லியாக வேண்டும், அதனால் நினைவில் நிற்கும். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஷேடோத்ரோனுக்கு அம்மனாஸ் என்றும் பெயர், கொட்டிலியனை 'த ரோப்' என்றும் சொல்வார்கள்.

நூலின் முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியலும் பின்பக்கத்தில் அருஞ்சொல் அகராதியும் இருக்கின்றன. அடிக்கடி புரட்ட வேண்டியிருப்பதால் இந்த ஒரு நாவலுக்கு அச்சுப் புத்தகம் வசதி. செல்போனில் படித்தால் அந்த இரண்டு இடத்திலும் முதலிலேயே புக்மார்க் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்புத்தகத்தில் தொடங்குவதை முதல்முறை வாசகருக்குச் சொல்லமாட்டேன். காட்சி மாறியதே காதுக்கு எட்டாது. இன்னொன்று, பெயரை இணையத்தில் தேடாதீர்கள். தேடிய உடனே வரும் இரண்டு வரியில் அந்த ஆள் எந்த நூலில் எப்படிச் சாகிறான் என்பது இருக்கும். புரிதலுக்காகத் தேடப்போய் முழுச் சுவையையும் இழந்தவர்கள் பலர்.

மந்திரத்தைப் பற்றி ஒரே விஷயம் தெரிந்தால் போதும். 'வாரன்' என்பது மந்திர சக்தியின் ஊற்று, அதே சமயம் உள்ளே புகுந்து பயணம் செய்யக்கூடிய ஓர் உலகம். பெரும்பாலான மந்திரவாதிகளுக்கு ஒரு வாரன்தான். எந்த வாரன் எந்த நிறம், யாருடையது என்பதெல்லாம் பிற்பாடு. 'டெக் ஆஃப் டிராகன்ஸ்' என்ற குறிசொல்லும் சீட்டுகளை விரிக்கும் காட்சிகளில் குறியீடுகளைப் பிடிக்கப் போராட வேண்டாம். இப்போது எந்தத் தெய்வம் மூக்கை நுழைக்கிறது என்ற செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். அத்தியாயத் தொடக்கக் கவிதைகளை முதல்முறை தாண்டலாம். வருடக்குறிப்பை மட்டும் தாண்டக் கூடாது.

வேகம் முக்கியம். பதிப்பைப் பொறுத்து 600, 700 பக்கம் வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம் என்று இழுத்தால் பெயர்கள் கலைந்துவிடும். முதல் நான்கு அத்தியாயத்தையாவது ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். எட்டுப் பேர் சேர்ந்து படிப்பதால் ஒரே கூட்டத்தில் முழு நாவலையும் பேச முயலாமல் மூன்றாகப் பிரியுங்கள்: முன்கதை முதல் 4-ஆம் அத்தியாயம் வரை, 5 முதல் 13 வரை, 14 முதல் 24 வரை. முதல் கூட்டத்தில் கருத்துக் கேட்கவே வேண்டாம். 'என்ன நடந்தது' என்று ஆளுக்கு ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். பகல் பிரசங்கத்தின் வேலையை உங்கள் கூட்டமே செய்துவிடும். புரியாமல் விட்டவர்களில் பாதிப் பேராவது இதில் திரும்பி வருவார்கள்.

எங்கே நிறுத்தலாம்? ஏழாம் அத்தியாயம் முடிவு வரை போங்கள். அதற்குள் படைவீரர்கள், தருஜிஸ்தான், க்ரூப்பே என நாவலிடம் இருக்கும் எல்லாச் சரக்கும் ஒருமுறை கண்ணில் பட்டிருக்கும். அதில் எதுவும் இழுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பத்து நூல் கொண்ட வரிசை இது. 2011-ல் 'த கிரிப்பிள்ட் காட்' வந்தபோதுதான் முடிந்தது. 'பின்னால் நன்றாக இருக்கும்' என்ற வாக்குறுதியை நம்பி இரண்டாயிரம் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது நூலிலிருந்து தொடங்கலாம் என்ற நண்பரின் யோசனைக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' 2000-ல் வந்தது. முதல் நாவலை எழுதிய பல வருடம் கழித்து எழுதப்பட்டதால் நடை வெகுவாகத் தேறியிருக்கிறது. வேறு கண்டத்தில், பெரும்பாலும் புதிய ஆட்களோடு நடக்கிறது. ஆனால் ஃபிட்லரும் கலாமும் அங்கே வருகிறார்கள், முதல் நூலில் அவர்களுக்கு நடந்ததைத் தெரிந்தவர்களாக நம்மை நினைத்துக்கொண்டே கதை போகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் மூன்றாவது நூலில். 'மெமரீஸ் ஆஃப் ஐஸ்', 2001, நேராக முதல் நாவலின் கண்டத்துக்கும் ஆட்களுக்கும் திரும்புகிறது. பேல் முற்றுகையில் யார்மேல் என்ன சந்தேகம் எழுந்தது, பாரனுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அதைப் படித்தால், பலரும் வரிசையின் உச்சம் என்று சொல்லும் அந்த நூலே பாதி வீணாகும். ஆகவே இரண்டாவதில் தொடங்க விரும்புகிறவர் தொடங்கட்டும். பிடித்துப்போனால் மூன்றாவதைத் தொடுமுன் முதல் நாவலுக்குத் திரும்பிவிட வேண்டும். அப்போது முதல் நாவல் இவ்வளவு கஷ்டம் தராது. எஸ்ஸில்மான்ட் இதே உலகத்தில் எழுதிய நாவல்களையும், முன்காலக் கதைகளையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். எந்த வரிசைப்படி பார்த்தாலும் அவை தொடக்கம் அல்ல.

வரிசைப்படியே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டாவது நூலைத் திறக்கும்போது பழைய தாளை எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் புதிய கண்டத்துக்கு இன்னும் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். அந்த நூலும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில் நடப்பவை. மூன்றாவதைப் படிக்கும்போது தாளின் இரண்டு பக்கமும் தேவைப்படும்.